ஈரல் வளர்ந்துச்சு சரி, நிப்பாட்டினது யாரு?

நீங்க கேட்டது இதுதான்: அண்ணன் தன்னோட ஈரல்ல பாதிக்கு மேல அப்பாவுக்கு கொடுத்தாரு, சில மாசம் கழிச்சு ஸ்கேன் பாத்தா கிட்டத்தட்ட பழைய அளவுக்கு வந்துடுச்சு, வளர்ந்தது சரி, ஆனா அளவு வந்ததும் நிக்கணும்னு அதுக்கு எப்படித் தெரியும், அதே மாதிரி கருவுல இருந்து தனித்தனியா வளர்ற ரெண்டு கையும் எப்படி ஒரே நீளத்துல வந்து முடியுது. நான் பழ ஈ வச்சு இதே கேள்விய தான் சில வருஷம் லேப்ல துரத்திட்டு இருந்தேன், அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுறேன், பொறுமையா படிங்க.

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன். செல் பிரியறதுக்கு ஜீன் இருக்கு, ஹார்மோன் இருக்கு, வளர வேண்டிய வயசுல வளருது, வயசு முடிஞ்சா நிக்குதுன்னு தான் நம்ம எல்லாருமே நினைக்கறோம். அப்படி மட்டும் இருந்தா அண்ணனோட ஈரல் வளர்ந்தே இருக்கக் கூடாது, அவருக்கு வளர்ற வயசு எப்பவோ முடிஞ்சாச்சு. அப்போ நிக்கறதுங்கறது நேரம் முடிஞ்சதால நிக்கறது இல்ல, ஏதோ ஒண்ணு எந்நேரமும் பிடிச்சு நிறுத்தி வச்சிருக்கு, அந்தப் பிடி தளர்ந்தா திரும்ப வளரும். இந்த விஷயத்துல நான் கத்துக்கிட்டதுலயே பெரிய விஷயம் இதுதான், கீழ சொல்லப்போற எல்லாமே இந்தப் பிடி எது, அது எங்க இருக்குங்கறத பத்தி தான்.

பழைய சோதனைகள்ல இருந்து வரேன், ஏன்னா அதுல இருக்கற தெளிவு இன்னைக்கும் அழகா இருக்கு. சலமாண்டர்னு பல்லி மாதிரி இருக்கற, ஆனா தவளைக்கு சொந்தமான ஒரு பிராணி. அதுல ஒரு இனம் பெருசு, ஒரு இனம் சிறுசு. 1931ல ட்விட்டி, ஷ்விண்ட்னு ரெண்டு பேர் பெரிய இனத்தோட கால் முளைய எடுத்து சின்ன இனத்தோட உடம்புல வச்சு ஒட்டினாங்க. அந்தக் கால் தன் சொந்த இனத்துக்கு எவ்ளோ பெருசா வரணுமோ அவ்ளோ பெருசா தான் வளர்ந்துச்சு, சின்ன உடம்புல ஒரு பெரிய கால். மாத்தி வச்சா பெரிய உடம்புல சின்னக் கால். ரெண்டுக்கும் ஓடறது ஒரே ரத்தம், ஒரே ஹார்மோன், சாப்பாடும் ஒண்ணு தான், ஆனா அந்தக் கால் தன் அளவ தனக்குள்ளயே வச்சிருந்துச்சு.

இத மட்டும் படிச்சா உறுப்பு எல்லாமே தன் அளவ தானே முடிவு பண்ணுதுன்னு தோணும், ஆனா அப்படி இல்ல. 1960கள்ல மெல்போர்ன்ல டொனால்ட் மெட்காஃப் சுண்டெலிக்குள்ள குட்டி எலியோட தைமஸ் சுரப்பிகள (நெஞ்சுக்குள்ள இருக்கற ஒரு சுரப்பி) நிறைய வச்சு பாத்தாரு, ஒவ்வொண்ணும் பக்கத்துல இன்னும் எத்தனை இருக்குன்னு கவலையே படாம தனக்கான முழு அளவுக்கு வளர்ந்துச்சு. அதே வேலைய மண்ணீரல வச்சு பண்ணப்போ ஒவ்வொண்ணும் சின்னதாவே நின்னுடுச்சு, எல்லாத்தையும் சேத்து எடை போட்டா ஒரே ஒரு மண்ணீரலோட எடை தான் வந்துச்சு. அதாவது தைமஸ் உள்ள பாக்குது, மண்ணீரல் வெளிய பாக்குது, உடம்புல மொத்தம் எவ்ளோ மண்ணீரல் இருக்குன்னு அதுக்கு எப்படியோ தெரியுது. ஈரலும் மண்ணீரல் பக்கம் தான். கணையம் தைமஸ் பக்கம், 2007ல ஹார்வர்ட்ல கருவுல இருக்கற எலியோட கணைய மூலச் செல்கள்ல ஒரு பங்க ஆரம்பத்துலயே அழிச்சு பாத்தாங்க, பிறந்த எலிக்கு கணையம் அதே விகிதத்துல சிறுசா இருந்துச்சு, கடைசி வரைக்கும் ஈடு கட்டவே இல்ல. ஈரல் மூலச் செல்கள அதே மாதிரி குறைச்சப்போ ஈரல் பழைய நிலைக்கு வந்துடுச்சு. ரெண்டும் கருவுல பக்கத்து பக்கத்துல, ஒரே குடல் சுவர்ல இருந்து முளைக்கறது தான், ஆனா அளவு பாக்கற விதம் வேற வேற. அதனால உறுப்போட அளவ எது முடிவு பண்ணுதுன்னு யாராவது ஒத்த வரியில சொன்னா நம்பாதீங்க.

சரி, உள்ள பாக்குதுன்னா எத பாக்குது? செல்ல எண்ணுதா? இல்லன்னு ரொம்ப முன்னாடியே தெரிஞ்சு போச்சு. பிரின்ஸ்டன்ல ஃபாங்க்ஹவுசர்னு ஒருத்தர் 1940கள்ல குரோமோசோம் செட் ரெண்டுக்கு பதிலா மூணு, அஞ்சுன்னு இருக்கற சலமாண்டர்கள வளர்த்தாரு. செட் கூடினா செல்லும் பெருசாகும், அப்போ பிராணியும் பெருசாகணும்ல? ஆகல. செல் பெருசாச்சு, எண்ணிக்கை குறைஞ்சுச்சு, உறுப்பு அதே அளவு. சிறுநீரகக் குழாய குறுக்க வெட்டி பாத்தா சாதாரணமா நாலஞ்சு செல் சுத்தி நிக்கற இடத்துல அஞ்சு செட் பிராணில ஒண்ணு ரெண்டு பெரிய செல் தன்னையே வளைச்சுக்கிட்டு அதே குழாய கட்டியிருந்துச்சு. அந்த படத்த முதல் தடவ பாத்தப்போ நான் ரொம்ப நேரம் அதையே பாத்துட்டு இருந்தேன், ஒரு செல்லுக்கு தான் எவ்ளோ வளையணும்னு எப்படித் தெரிஞ்சுச்சு?

பழ ஈல இத இன்னும் கச்சிதமா காட்டினாங்க. புழு முட்டைய விட்டு வெளிய வரும்போது அதோட இறக்கை ஒரு சின்ன பை, 30, 40 செல் தான், நாலு நாள்ல அது 30,000 செல்லுக்கு மேல போயிடும், ஏறக்குறைய பத்து தடவ இரட்டிக்கணும், அப்புறம் நிக்கும். அந்தப் பைய சின்னதா இருக்கும்போதே எடுத்து வளர்ந்த ஈயோட வயித்துக்குள்ள வச்சு வேணுங்கற அளவுக்கு நேரம் கொடுத்தாலும் இயல்பான அளவு கிட்ட வந்து நின்னுடும். மாட்ரிட்ல கார்சியா-பெல்லிடோ குழு 1973ல வேற ஒரு வேலை பண்ணாங்க, மெதுவா வளர்ற செல்களுக்கு நடுவுல வேகமா வளர்ற ஒரே ஒரு செல்ல உருவாக்கினாங்க, அந்த ஒத்த செல்லோட பிள்ளைங்களே இறக்கைல ஒரு பாதிய கிட்டத்தட்ட பிடிச்சுட்டாங்க, ஆனா அந்தப் பாதி ஒரு துளி கூட பெருசாகல. 1998ல சியாட்டில்ல செல் பிரியற வேகத்த மட்டும் கூட்டி பாத்தாங்க, நிறைய செல் வந்துச்சு, எல்லாம் பொடிசா, குறைச்சு பாத்தா கொஞ்சம் செல், எல்லாம் பெருசா, ரெண்டுலயும் இறக்கை பகுதியோட அளவு அதே தான். அப்போ திசு எண்ணல, அளக்குது. தையக்காரர் தையல எண்றது இல்ல, நீளத்த டேப் வச்சு பாக்கறாரு, அந்த மாதிரி.

அந்த டேப் எது? இங்க தான் ஹிப்போ கதை. ஈயோட கண்ணுலயோ இறக்கைலயோ ஒரு சின்ன இடத்துல மட்டும் ஒரு ஜீன கெடுத்து வச்சு, அந்த இடம் புடைச்சுக்கிட்டு வளருதான்னு தேடற முறை ஒண்ணு 90கள்ல வந்துச்சு. ஆயிரக்கணக்குல ஈய மயக்கி மைக்ரோஸ்கோப் கீழ பிரஷ்ஷால புரட்டி பாக்கணும், கழுத்து ஒடிஞ்சிடும், நானே பண்ணியிருக்கேன். அப்படி தேடினதுல 1995ல வார்ட்ஸ்னு ஒரு ஜீன் கிடைச்சுச்சு, 2002ல சால்வடார், 2003ல பல குழுக்கள் கிட்டத்தட்ட ஒரே சமயத்துல ஹிப்போவ கண்டுபிடிச்சாங்க. அது கெட்டுப் போன ஈயோட தலை வீங்கி மடிப்பு மடிப்பா நீர்யானை மாதிரி இருந்ததால அந்தப் பேரு. இதெல்லாம் கெட்டா வளர்ச்சி கூடுது, அதாவது இதெல்லாம் பிரேக்.

வேலை செய்யற விதம் சுருக்கமா: ஹிப்போ ஒரு என்சைம், சால்வடார் கூட நிக்க அது வார்ட்ஸ் மேல பாஸ்பேட்னு ஒரு சின்ன ரசாயனத் துண்ட ஒட்டும், அப்போ வார்ட்ஸ் முழிச்சுக்கும், வார்ட்ஸ் போய் யார்க்கினு ஒரு புரோட்டீன் மேல பாஸ்பேட் ஒட்டும். பாஸ்பேட் ஒட்டின யார்க்கிய வேற புரோட்டீன்கள் டிஎன்ஏ இருக்கற நியூக்ளியஸ்க்கு வெளியவே பிடிச்சு உக்கார வச்சிடும். பிரேக் விட்டாச்சுன்னா யார்க்கி நியூக்ளியஸ் உள்ள போய் ஸ்காலப்டுங்கற கூட்டாளியோட சேந்து டிஎன்ஏல உக்காந்து, செல் பிரியறதுக்கான ஜீனையும் செல் சாகாம தடுக்கற ஜீனையும் ஒண்ணா திறந்து விடும். ரெண்டும் சேந்து திறக்கறது தான் இதுல முக்கியம், ஏன்னா பிரியறத மட்டும் கூட்டினா என்ன ஆகும்னு மேல பாத்தோம், நிறைய பொடி செல், அவ்ளோ தான். யார்க்கி திசுவோட மொத்தத்தையே கூட்டுது. யார்க்கிய 2005ல கண்டுபிடிச்சது துவாஜியா பான் குழு, அது இல்லன்னா உறுப்பு குட்டியா போயிடும், அதான் யார்க்ஷயர் டெரியர் நாய்க்குட்டி பேர வச்சாங்க.

இது ஈக்கு மட்டும் தானா? மனுஷனுக்கும் எலிக்கும் அதே சங்கிலி அப்படியே இருக்கு, யார்க்கியோட இடத்துல யாப், டாஸ்னு ரெண்டு புரோட்டீன். மனுஷ ஜீன கெட்டுப்போன ஈக்குள்ள வச்சா அந்த வேலைய எடுத்து செய்யுது. 2007ல பான் குழு எலியோட ஈரல்ல மட்டும், ஒரு மருந்து கொடுத்தா யாப் கூடுற மாதிரி அமைச்சாங்க. சாதாரணமா எலியோட எடைல ஈரல் 5 சதவீதம் இருக்கும், மருந்து கொடுத்த சில வாரத்துல 25 சதவீதம் வரைக்கும் போச்சு, எலி எடைல கால்வாசி ஈரல்! மருந்த நிறுத்தினாங்க, கூடுதலா வந்த செல்லெல்லாம் செத்து ஈரல் திரும்ப பழைய அளவுக்கு சுருங்கிடுச்சு. உங்க கேள்விக்கு நேரா பதில் சொல்ற சோதனை இதுதான். உடம்புக்கு சரியான அளவு எதுன்னு நினைவு இருந்துச்சு, கை விட்டதும் அங்க திரும்பிடுச்சு. ஆனா மருந்த நிறுத்தாம விட்ட எலிகளுக்கு ஈரல்ல கேன்சர் வந்துச்சு. வளர்ச்சிய நிறுத்தற பிரேக்கும் கேன்சர தடுக்கற பிரேக்கும் பெரிய அளவுக்கு ஒரே பிரேக் தான், மனுஷங்களுக்கு நரம்பு உறைல கட்டி வர்ற ஒரு பரம்பரை நோய்ல கெடற மெர்லின்ங்கற ஜீன் இந்த ஹிப்போவுக்கு மேல உக்காந்திருக்கறது தான்.

இப்போ அடுத்த கேள்வி நீங்களே கேப்பீங்க, ஹிப்போவ யார் முடுக்கறாங்க? பழக்கமான சிக்னல்னா வெளிய இருந்து ஒரு ஹார்மோன் வந்து ரிசெப்டர்ல, அதாவது செல்லுல சிக்னல வாங்கற புரோட்டீன்ல, உக்காரும், உள்ள செய்தி போகும். ஹிப்போவுக்கு அப்படி ஒரே ஒரு ஹார்மோன்னு எதையும் சுட்டிக் காட்ட முடியாது, அது செல்லோட நிலைமைய கேக்குது. பக்கத்து செல் எவ்ளோ நெருக்கமா ஒட்டியிருக்கு, செல்லுக்கு மேல் பக்கம் கீழ் பக்கம் ஒழுங்கா இருக்கா, செல் இழுபட்டு நிக்குதா நசுங்கி நிக்குதா. 2011ல பதுவாவுல பிக்கோலோ குழு காட்டினாங்க, செல்ல கெட்டியான தளத்துல பரந்து உக்கார விட்டா யாப் நியூக்ளியஸ்க்குள்ள போகுது, மெத்துன்னு இருக்கற தளத்துலயோ குறுகின இடத்துலயோ வச்சா வெளிய வந்துடுது. யோசிச்சு பாருங்க, பஸ்ல கூட்டம் ஏற ஏற கண்டக்டர் எண்ணி சொல்லாமலே இடம் முடிஞ்சுதுன்னு தோள்ல படற நெருக்கத்துலயே தெரிஞ்சுடும்ல, திசுவுக்குள்ள ஒவ்வொரு செல்லும் அந்த நெருக்கத்த தான் உணருது.

நெருக்கம் மட்டும் போதுமான்னா போதாது. இறக்கை நடுவுல இருந்து டிபிபினு ஒரு புரோட்டீன் பரவுது, நடுவுல அடர்த்தியா, ஓரத்துல நீர்த்து. அது தான் எங்க நரம்பு வரணும்னு வடிவத்த சொல்றது, அது இல்லன்னா இறக்கை குச்சி மாதிரி நின்னுடும். அளவயும் அதுவே சொல்லுதாங்கறதுல பெரிய சண்டை. 2011ல ஜெனீவா குழு ஒண்ணு, ஒரு செல் உணர்ற டிபிபி 50 சதவீதம் கூடும்போதெல்லாம் அது ஒரு தடவ பிரியுதுன்னு கணக்கு போட்டு சொன்னாங்க. ரொம்ப அழகான கணக்கு, நானும் அத அப்படியே நம்பினேன். 2015ல வேற ஒரு குழு டிபிபிய பரவவே விடாம கட்டிப் போட்டு பாத்தாங்க, நடுப்பகுதி வளர்றது தான் கெட்டுச்சு, ஓரம் பாட்டுக்கு வளர்ந்துச்சு. அதனால அந்த 50 சதவீதக் கணக்கு முழு இறக்கைக்கும் பொருந்தாதுன்னு தான் இன்னைக்கு என்னோட கருத்து. ஃபேட், டாக்ஸஸ்னு செல்லுக்கு செல் கை கோக்கற ரெண்டு புரோட்டீன் ஹிப்போவோட சேந்திருக்கு, அதோட அளவு திசு நெடுக ஒரு சரிவா இருக்கும், திசு பெருசாக பெருசாக சரிவு மட்டமாகும், மட்டமானா வளர்ச்சி குறையும்னு ஒரு கருத்து இருக்கு. சின்ன அறைல வச்ச சாய்வு பலகை செங்குத்தா இருக்கும், நீளமான கூடத்துல அதே உயரத்துக்கு வச்சா படுத்திருக்கும்ல, அப்படி சரிவ பாத்தே நீளம் தெரிஞ்சுக்கறது. எனக்கு பிடிச்ச கருத்து, உள்ள இருக்கற டேப்புக்கு இதவிட நெருங்கின ஒண்ண நான் பாத்ததில்ல.

இதெல்லாம் உறுப்புக்குள்ள. உடம்பு முழுக்க ஓடற செய்தி தனி, அது இன்சுலினும் அதோட உறவுக்காரங்களும். ஈல சிக்கோனு ஒரு ஜீன், ஸ்பானிஷ்ல சின்னப் பையன்னு அர்த்தம், இன்சுலின் செய்திய செல்லுக்குள்ள கடத்தறது, அது இல்லன்னா ஈ பாதி எடை கூட வராது, ஆனா எல்லா உறுப்பும் விகிதம் மாறாம சிறுத்திருக்கும். நாய்கள்ல குட்டி இனத்துக்கும் பெரிய இனத்துக்கும் இருக்கற வித்தியாசத்துல பெரிய பங்கு இன்சுலினோட உறவுக்காரங்கள்ல ஒண்ணான ஐஜிஎஃப்-1ங்கற ஒரே ஜீனுக்கு இருக்குன்னு 2007ல வந்துச்சு. வளர்ற வயசுல சாப்பாடு இல்லாத பிள்ளைங்க குட்டையா போறதுக்கும் பெரும்பங்கு இதே பாதை தான், சத்து இல்லன்னா ஐஜிஎஃப் இறங்கிடும், வளர்ச்சி நிக்கும். மொத்த உடம்புக்கு எவ்ளோ பட்ஜெட்னு இது சொல்லுது, அதுல தன் பங்க எங்க நிறுத்தணும்னு உறுப்பு தானே பாத்துக்குது. தசைக்கு தனியா மயோஸ்டாடின்னு ஒரு பிரேக் இருக்கு, தசையே சுரந்து தன்னையே கட்டுப்படுத்திக்கறது, 1997ல எலில அத எடுத்துட்டு பாத்தப்போ தசை ரெண்டு மூணு மடங்கு ஆச்சு, பெல்ஜியத்துல புடைச்ச தசையோட ஒரு மாட்டு இனம் இருக்கே, அதுக்கும் இயற்கையாவே இந்த ஜீன் கெட்டுப் போயிருக்கு.

ரெண்டு கை விஷயத்துக்கு வரேன். ஈயோட ஒரு பக்க இறக்கைப் பைய காயப்படுத்தினா அது டில்ப்8ங்கற ஒரு சிக்னல ரத்தத்துல விடும், அது மூளைக்கு போய், புழு கூட்டுப்புழுவா மாறறதுக்கான ஹார்மோன தள்ளிப் போட வைக்கும், அந்த நேரத்துல காயம் படாத உறுப்புங்க மெதுவாகி காத்திருக்கும், காயம் பட்டது ஈடு கட்டிக்கும். 2012ல ரெண்டு குழு இத கண்டுபிடிச்சாங்க. அந்த ஜீன எடுத்துட்டா காயமே படாத ஈல கூட இடது இறக்கையும் வலது இறக்கையும் சரியா பொருந்தாம போகுது, அதாவது சும்மா இருக்கும்போதும் ஒண்ணுக்கொண்ணு காத்திருந்து தான் வளருது. நம்ம கைல இதே டில்ப்8 கிடையாது. எலும்போட நுனில இருக்கற வளர்ச்சித் தட்டு ஒவ்வொண்ணும் தனக்குள்ள இருக்கற திட்டப்படி வளருது, நோய் வந்து கொஞ்ச நாள் நின்னுட்டா நோய் போனதும் வழக்கத்த விட வேகமா ஓடி விட்ட இடத்த பிடிக்குது. ஒரே திட்டம், ஒரே சத்து, தப்பினா திருத்திக்கற பழக்கம், இந்த மூணும் சேந்து தான் ரெண்டு சட்டைக் கையும் ஒரே நீளத்துல தைக்க முடியுது.

கடைசியா உங்க அண்ணனோட ஈரல். ஒரு விஷயம் நிறைய பேருக்கு தெரியாது, வெட்டின பக்கம் திரும்ப முளைக்கல. மிச்சம் இருந்த பக்கம் தான் பெருத்து மொத்த எடைய ஈடு கட்டியிருக்கு, வெட்டின மடல் இனி வராது, ஸ்கேன்ல உருவம் பழைய மாதிரி இருக்காது, அளவு மட்டும் தான் வரும். எலில மூணுல ரெண்டு பங்க எடுக்கற சோதனைய 1931லயே ஹிக்கின்ஸும் ஆண்டர்சனும் பண்ணாங்க, பத்து நாளுக்குள்ள எடை திரும்பிடும். வெட்டின உடனே மொத்த குடல் ரத்தமும் மிச்சம் இருக்கற சின்ன ஈரல் வழியா பாயுது, பித்த அமிலம் ரத்தத்துல கூடுது, அத உணர்ற ரிசெப்டர் ஈரல் செல்லுக்குள்ள இருக்கு, அது இல்லாத எலிகளுக்கு ஈரல் வளர்றது தாமதமாகுது. ஹிப்போ பிரேக்கும் கொஞ்ச நாளைக்கு தளர்ந்து யாப் உள்ள போகுது. ஈரல் போதுமான அளவு ஆனதும் பித்த அமிலம் இறங்கிடும், பிரேக் திரும்ப ஏறும். உருவத்த பாக்காம, தன் மேல விழற வேலையோட பாரத்த தான் ஈரல் பாக்குது. கிட்னி தானம் பண்ணவங்களுக்கும் மிச்ச கிட்னி பெருக்கும், ஆனா அதுல இருக்கற வடிகட்டி நெஃப்ரான் புதுசா ஒண்ணு கூட வராது, அதெல்லாம் பிறக்கறதுக்கு கொஞ்ச நாள் முன்னாடியே முடிஞ்சுடற வேலை, இருக்கறது தான் பெருசாகும்.

1980கள்ல சின்ன நாயோட ஈரல பெரிய நாய்க்கு வச்சு பாத்தாங்க, பெரிய உடம்புக்கு ஏத்த மாதிரி வளர்ந்துச்சு. சலமாண்டர் கால் செய்ய மறுத்தத ஈரல் செய்யுது. அதனால உங்க வீட்டுல இப்போ அண்ணனோட ஒரே ஈரல் ரெண்டா பிரிஞ்சு, ஒரே ஜீனோட ரெண்டு இடத்துல இருக்கு, அண்ணன்கிட்ட இருக்கற துண்டு அண்ணன் உடம்புக்கு எவ்ளோ வேணுமோ அங்க போய் நின்னிருக்கும், அப்பாகிட்ட இருக்கற துண்டு அப்பா உடம்புக்கு எவ்ளோ வேணுமோ அங்க. அடுத்த செக்கப்புக்கு போகும்போது ரெண்டு ஸ்கேன் ரிப்போர்ட்லயும் ஈரலோட கன அளவு போட்டிருக்கான்னு பாருங்க, போட்டிருந்தா அவங்கவங்க உடம்பு எடையால வகுத்து பாருங்க, ரெண்டு கணக்கும் எவ்ளோ கிட்ட வருதுன்னு எனக்கும் கீழ எழுதுங்க.